சாமிக் கிடாயும் கண்ணில் விழுந்த சீயக்காயும்

மதுரை, சிம்மக்கல்,
சித்திரபானு வருஷம் தை மாதம் 15-ந் தேதி

பேரையூரில் இருக்கும் மரியாதைக்குரிய மச்சான் மொக்கையன் அவர்களுக்கு, தங்கள் தங்கையைக் கட்டிக்கொண்டவனாகிய காசிமாயன் கும்பிட்டு எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் மாயக்காளும், வைகையில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறதோ அவ்வளவு சௌக்கியம். அவ்விடம் தாங்களும் தங்கள் மாடுகளும் மீதமிருக்கிற கம்பங்கொல்லையும் சௌக்கியம் என்று ஒரு வரி எழுதினால், அது பொய்யாகவே இருந்தாலும் நம்புவதற்குத் தயாராக இருக்கிறேன்.

நிற்க. மச்சான், சுற்றி வளைக்காமல் முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். தாங்கள் என்னை நம்பி விட்டுப்போன சாமிக் கிடாயைத் தீபாவளியன்று காலையில் நான் தின்றுவிட்டேன். முழுவதையும் நானே தின்றேன் என்று நினைத்துவிடக்கூடாது, ஆபீசில் ஒன்பது பேர் பங்கு போட்டுத் தின்றோம். என் பங்கில் ஈரலும் முன்தொடையும் வந்தன. மூன்று தரம் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன். கடைசித் தோசையைக் குழம்பில் புரட்டும்போது, "இந்த வருஷத்துக் கறி மாதிரி எந்த வருஷமும் வாய்த்ததில்லை" என்று தங்கள் தங்கையிடம் சொல்லவும் சொன்னேன். அதற்கப்புறம் இன்று வரைக்கும் தங்களுக்குப் பதினோரு கார்டு எழுதியிருக்கிறேன். பதினொன்றிலும் "கிடா சௌக்கியம்" என்று எழுதியவன் நான்தான், வேறு யாரோ என் கையெழுத்தைப் போட்டுவிடவில்லை.

இது எப்படி நடந்தது என்று தாங்கள் கேட்பதற்கு நியாயம் உண்டு. ஆடி மாதம் பேரையூர்ப் பக்கம் புல் என்று சொல்லத்தக்க ஒன்றும் இல்லாமல் போய், தாங்கள் மற்ற ஆடுகளை எல்லாம் தள்ளிவிட்டு, இந்த ஒன்றை மட்டும் விற்கவும் முடியாமல் வளர்க்கவும் முடியாமல், பெட்ரோல் இல்லாமல் கரியடுப்பு மூட்டி ஓட்டுகிற எங்கள் கம்பெனியின் கரி பஸ் கூரையில் ஏற்றி அனுப்பினீர்களே, அன்றைக்கே எனக்குச் சனி பிடித்தது. பஸ் சிம்மக்கல் வந்து நின்றபோது கரிப்புகையில் டிரைவரும் கறுப்பு, பிரயாணிகளும் கறுப்பு, கிடா பிறப்பிலேயே கறுப்பு. நெற்றியில் இருந்த அந்த எட்டணாக் காசளவு வெள்ளைப் பொட்டு ஒன்றுதான் அதை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டிற்று. தங்கள் மகன் சோணைமுத்து பட்டாளத்துக்குப் புறப்பட்ட அன்று கருப்பசாமி கோவில் வாசலில் அதன் வலது காது நுனியைக் கத்தரித்து, "பயல் திரும்பி வந்து இந்த எடத்துல நிக்கட்டும், இத ஒனக்குத் தாரேன்" என்று தாங்கள் சொன்னபோது நானும் பக்கத்தில் நின்றேன். துண்டால் வாயை மூடிக்கொண்டு நின்றது பக்தியால் அல்ல, சிரிப்பை அடக்க. அந்தக் காலத்தில் நான் பத்திரிகை படித்துப் பகுத்தறிவு பேசிக்கொண்டிருந்தேன் என்பது தங்களுக்குத் தெரியும். எங்கள் டிக்கெட் ஆபீசில் நான் உட்கார்ந்தால் சாமிகள் எல்லாம் எழுந்து வெளியே போய்விட வேண்டும். ஹெட் டிரைவர் மலையாண்டி பஸ்ஸுக்கு எலுமிச்சம்பழம் கட்டினால், "சக்கரத்துக்குக் காற்று அடிக்காமல் பழம் கட்டினால் ஓடுமா" என்று கேட்பேன். அவன் காற்றும் அடிப்பான், பழமும் கட்டுவான்.

கிடா வந்து பத்து நாளில் என் வீடு கிடாயின் வீடாகிவிட்டது. சாமிக்கு விட்டதைக் கட்டக்கூடாது, அடிக்கக்கூடாது என்று தாங்கள் சொல்லியனுப்பியிருந்தீர்கள். பேரையூரில் அது எந்தக் கொல்லையில் வாய் வைத்தாலும் காதைப் பார்த்துவிட்டுக் கும்பிட்டு விலகுவார்கள். சிம்மக்கல் காய்கறிக் கடைக்காரர்களுக்குக் காது பார்க்கிற பழக்கம் கிடையாது. முதல் நாள் ஒரு முட்டைக்கோஸ், மறுநாள் ஒரு கட்டுக் கீரை, மூன்றாம் நாள் ஒரு பாய் கடையில் எடைக்கு வைத்திருந்த பழைய காகிதம். "யாரு ஆடுய்யா இது, கேக்கிறதுக்கு நாதி இல்லையா" என்று தெருவே என் வாசலுக்கு வந்துவிட்டது. பிறகுதான் மனசைக் கல்லாக்கிக்கொண்டு கொல்லையில் கட்டினேன். கட்டிய பிறகு என் சொத்தில் கைவைத்தது. டிக்கெட் புஸ்தகம் ஒன்று, காக்கித் தொப்பி ஒன்று, பிறகு தினமும் என் பத்திரிகை. ரங்கூனிலிருந்து நடந்து வருகிறவர்களைப் பற்றிப் போட்டிருந்த பக்கத்தை நான் படித்து முடிக்கும் முன்பே அது தின்றுவிட்டது. ஒரு வகையில் நல்லதாயிற்று. அந்தப் பக்கத்தை மாயக்காளுக்கு வாசித்துக் காட்ட வேண்டியிருந்திருக்கும்.

ஏனென்றால் மாசி மாதம் சிங்கப்பூர் விழுந்ததற்கப்புறம் சோணைமுத்துவிடமிருந்து ஒரு வரி வரவில்லை. அவன் கடிதங்கள் எங்கள் ஆபீஸ் விலாசத்துக்குத்தான் வரும் என்பது தங்களுக்குத் தெரியும். தினமும் பத்து மணிக்குத் தபால்காரர் படியேறுவார். மேனேஜர் வெள்ளைத்துரைக்கு இரண்டு இருக்கும், கம்பெனிக்கு நாலு இருக்கும். அவர் என் மேஜையைத் தாண்டும்போது என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு போவார். அந்தப் பயலை எங்கள் கம்பெனியில் கிளீனராகச் சேர்த்துவிட்டவன் நான். ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவன் மலையாண்டி. பட்டாளத்தில் டிரைவர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும், "மிகவும் சமர்த்தன், நல்லொழுக்கமுள்ளவன்" என்று அழகான எழுத்தில் சிபாரிசு எழுதிக் கொடுத்தவனும் நான்தான். என் எழுத்து நன்றாக இருக்கிறது என்று பட்டாளத்துக்கு ஆள் எடுத்த துரையே சொன்னான் என்று ஒரு மாதம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.

மாயக்காள் அந்தக் கிடாயை "மருமகனே" என்றுதான் கூப்பிடுவாள். கழுநீர் வைக்கும்போது, "வா மருமகனே, குடிச்சுக்க, ஒங்க மாமனுக்கு இன்னைக்கும் சம்பளம் போடல" என்பாள். ரங்கூன் அரிசி நின்றுபோய், ரேஷன் கடை வாசலில் விடியற்காலையிலிருந்து நின்று கல்லும் நெல்லும் கலந்த ஏதோ ஒன்றைப் படி கணக்கில் வாங்கி வந்து, அதில் அரிசியைத் தேடி எடுத்து எனக்குப் பொங்கிவிட்டு, மீதியில் பாதியை அதற்கு வைப்பாள். நான் ஒரு நாள் கேட்டேன். "ஆட்டுக்குச் சோறு வேற போடணுமா?" அவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "அங்க அவனுக்கு யாரு போடுறாகளோ."

இனித் தீபாவளிக்கு வருகிறேன். எங்கள் ஆபீசில் வருஷா வருஷம் ஒரு வழக்கம் உண்டு. ஒன்பது பேர் சேர்ந்து ஒரு கிடா வாங்கி, ஒரு வாரம் யாராவது ஒருவர் வீட்டில் கட்டித் தீனி போட்டு, தீபாவளியன்று விடிவதற்குள் வெட்டிக் கூறு போட்டு ஆளுக்கொரு பனையோலைப் பெட்டியில் எடுத்துக்கொள்வது. கட்டி வைத்த வீட்டுக்குக் கறியோடு தலையும் சேரும். இந்த வருஷம் தலை ஆசையில் நானே வாயைக் கொடுத்தேன். "ஏற்கெனவே ஒன்று நிற்கிறது, இன்னொன்று நின்றால் என் கொல்லை இடிந்தா விழும்?" மலையாண்டி உசிலம்பட்டிச் சந்தையில் பிடித்துக்கொண்டு வந்தான். அதுவும் கறுப்பு. அந்த வயசு, அந்த உயரம். நெற்றியில் பொட்டு இல்லை, காது இரண்டும் முழுசு, அவ்வளவுதான் வித்தியாசம். அதைத் துணி துவைக்கிற கல்லுப் பக்கம் கட்டினேன். தங்கள் கிடா கிணற்றுப் பக்கம். ஒரு வாரமும் எல்லாம் ஒழுங்காக இருந்தது.

தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் மாயக்காள் என் புது வேட்டியை மஞ்சள் தடவிக் கிணற்றுப் பக்கக் கொடியில் காயப் போட்டிருக்கிறாள். தங்கள் கிடா அதன் கரையை ஒரு முழம் ருசி பார்த்திருக்கிறது. அவள் அதட்டிவிட்டு, அதை அவிழ்த்துக் கல்லுப் பக்கம் கட்டி, கல்லுப் பக்கம் நின்றதைக் கிணற்றுப் பக்கம் மாற்றிக் கட்டிவிட்டு, அதிரசம் தீய்ந்துபோகிறதே என்று அடுப்படிக்கு ஓடியிருக்கிறாள். வேட்டி விஷயம் தெரிந்தால் நான் கத்துவேன் என்று என்னிடம் சொல்லவில்லை, மறுநாளும் ஈரம் காயவில்லை என்றே சொன்னாள். நான் கத்தத்தான் செய்திருப்பேன். கத்துவதற்கு எனக்கு ஒரு வாய்ப்பைக் கொடுத்திருந்தால் அந்தக் கிடா இன்றைக்கு உயிரோடு இருக்கும்.

மறுநாள் இன்னும் விடியவில்லை. மண்ணெண்ணெய் கிடைக்காமல் ஒரே ஒரு விளக்கு, அதுவும் அடுப்படியில். நான் முற்றத்தில் மணையில் உட்கார்ந்திருக்கிறேன். தலையில் கால்படி நல்லெண்ணெய், அதற்கு மேல் மாயக்காள் வருஷத்துக்கு ஒரு நாள் பழி தீர்த்துக்கொள்கிறாற்போல் அரைத்துத் தேய்த்த சீயக்காய். இரண்டு கண்ணும் மிளகாய் மாதிரி எரிகிறது. திறந்தால் குருடாகிவிடுவேன் என்று கெட்டியாக மூடிக்கொண்டிருக்கிறேன். மாயக்காள் வெந்நீர் எடுக்க அடுப்படிக்குப் போன அந்த நேரம் பார்த்துச் சந்துப் பக்கத்திலிருந்து மலையாண்டியின் குரல்.

"அண்ணே, வந்துட்டேன். எதை அவுக்க?"

"கல்லுப் பக்கம் நிக்கிறதை அவுடா" என்றேன்.

"ஒண்ணும் தெரியல அண்ணே, இருட்டாக் கெடக்கு. கல்லுப் பக்கந்தானே?"

"கல்லுப் பக்கந்தேன். எத்தனை தடவ சொல்லுறது, கண்ணு எரியுதுடா" என்றேன்.

அம்புட்டுத்தேன் மச்சான். ஒரு சாமிக் கிடாயின் கதையை முடிக்க இதற்கு மேல் வார்த்தை வேண்டியிருக்கவில்லை. அது கத்தவும் இல்லை. மலையாண்டியை அதற்கு நன்றாகத் தெரியும், பேரையூரிலிருந்து பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு வந்தவன் அவன்தானே. நல்ல பிள்ளையாகப் பின்னாலேயே போயிருக்கிறது.

எட்டு மணிக்குக் கறி வந்தது. ஒன்பது மணிக்கு வெந்தது. பத்து மணிக்கு நான் மேலே சொன்ன வாக்கியத்தைச் சொல்லி ஏப்பம் விட்டேன். பன்னிரண்டு மணிக்கு, மயிர் பொசுக்கி மஞ்சள் தடவிய தலையை வாழையிலையில் வைத்து மலையாண்டியே எடுத்துக்கொண்டு வந்தான். "இந்தா மதினி, கட்டிப் போட்ட வீட்டுக்குத் தலை" என்றான். பொசுக்கிய தலையில் பொட்டு எங்கே தெரியும். மாயக்காள் வாங்கி, சுத்தமாக வாட்டியிருக்கிறானா என்று கட்டைவிரலால் தடவிக்கொண்டே வந்தாள். வலது காதண்டை விரல் நின்றுவிட்டது. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏங்க, கொல்லையில நிக்கிறது யாரு?"

"மருமகன்தான்" என்றேன், பல்லைக் குத்திக்கொண்டே.

"அப்ப இது யாரு?"

நான் எழுந்து கொல்லைக்குப் போய்ப் பார்த்தேன். கிணற்றுப் பக்கம் பொட்டில்லாத நெற்றியும் முழுசான இரண்டு காதுகளுமாக ஒன்று நின்று, புது வேட்டியின் மிச்சத்தை மென்றுகொண்டிருந்தது. பின்னாலேயே வந்த மலையாண்டி துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணே, நான் கேட்டேன்ல. எதை அவுக்கன்னு கேட்டேன்ல."

"கேட்டாய்."

"கல்லுப் பக்கம்னு சொன்னீகல்ல."

"சொன்னேன்."

"கண்ணத் தொறந்து பாத்துட்டுச் சொல்லியிருக்கலாம்ல அண்ணே. கண்ணு எரிஞ்சா தண்ணி ஊத்திக்கிட்டா ஆறிரும்" என்றான். பிறகு, "வண்டி ஓட்டப் பழக்கிவிட்டதும் இந்தக் கைதேன், அவுத்து விட்டதும் இந்தக் கைதேன்" என்று கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அன்றிலிருந்து அவன் கறி தின்பதில்லை. பேரையூர்ப் பஸ்ஸையும் அவன் ஓட்டுவதில்லை, திண்டுக்கல் பக்கம் மாற்றிக்கொண்டுவிட்டான். தங்களைப் பார்க்க வேண்டியிருக்குமே என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. மூன்று மாதமாகப் பேரையூருக்கு வேறு டிரைவர் வருவது ஏன் என்று தாங்கள் யோசித்திருப்பீர்கள்.

மாயக்காள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அவள் "நாந்தேன் மாத்திக் கட்டுனேன்" என்று ஒரு தடவை சொன்னாள். தலையை மடியில் வைத்துக்கொண்டுபோய்ச் சந்து மூலையில் மண்வெட்டியால் குழி பறித்துப் புதைத்தாள். நான் வெட்ட வந்தபோது மண்வெட்டியைத் தரவில்லை. மிச்சக் குழம்பைச் சட்டியோடு சாக்கடையில் கொட்டினாள். மூன்று நாள் வீட்டில் கஞ்சிதான்.

பண்டிகை லீவு முடிந்து ஆபீசுக்குப் போனால் செய்தி எனக்கு முன்னால் போயிருந்தது. மேனேஜர் வெள்ளைத்துரை என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னது பதினாறு வருஷத்தில் அது இரண்டாம் தடவை. "என்னய்யா காசிமாயா, மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு. ஒரு ஆட்டுக்குப் பதில் இன்னொரு ஆடு. சாமி என்ன கண்ணாடி போட்டுக்கிட்டா பாக்கப் போகுது" என்றார். மச்சான், இதே வாக்கியத்தை, இதே சிரிப்போடு, அந்த ஆபீசில் மூன்று வருஷமாக நான் சொல்லிக்கொண்டிருந்தவன். அவர் வாயிலிருந்து கேட்டதும் மேஜைமேல் இருந்த மைக்கூட்டை எடுத்து எறியலாம் போல இருந்தது. வேலை போய்விடுமே என்று, "ஆமாங்க, சரியாச் சொன்னீக" என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வருகிற வழியில் ஒரு கோவில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். உள்ளே போக வெட்கமாக இருந்தது, ஏனென்றால் பூக்காரியிடம் போன மாதம்தான் பகுத்தறிவு பேசியிருந்தேன். அவள் என்னைப் பார்த்துவிட்டுத் தன் பாட்டுக்குப் பூவைக் கட்டிக்கொண்டிருந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த வாரம் தங்கள் கார்டு வந்தது. "கிடா சௌக்கியமா. தண்ணி வைக்கவும். இங்கு மழை இல்லை." தங்கள் கார்டு எல்லாம் இந்த மூன்று வாக்கியம்தான். பயலைப் பற்றி ஒரு எழுத்து இருக்காது. கடிதம் வந்தால் நானே ஓடிவந்து சொல்லியிருப்பேன் என்பது தங்களுக்குத் தெரியும், அதனால் கேட்பதில்லை. கிடா சௌக்கியமா என்று கேட்கிறீர்கள். அந்தக் கேள்விக்குள் எத்தனை கேள்வி இருக்கிறது என்று புரியாத அளவுக்கு நான் மடையன் இல்லை. உண்மையை எழுதத்தான் உட்கார்ந்தேன். கார்டு சின்னது, தபால்காரரிலிருந்து தங்கள் ஊர் டீக்கடை வரைக்கும் எல்லாரும் படிக்கிறது. "கிடா" என்று எழுதினேன். அதற்கடுத்த வார்த்தைக்கு ஒரு நாழிகை காத்திருந்தேன். "சௌக்கியம்" என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை.

பொய்யில் உள்ள சங்கடம் என்னவென்றால், மச்சான், ஒரு தடவை சொன்னதையே மறுபடி சொன்னால் சந்தேகம் வரும், கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். இரண்டாம் கார்டில் கொஞ்சம் சதை பிடித்தது என்று எழுதினேன். ஐந்தாம் கார்டில் அது மழையில் நனைந்து இரண்டு தரம் தும்மியது என்று எழுதினேன். அந்தத் தும்மலை எழுதியபோது எனக்கே ஒரு பெருமை. பொய் சொல்லுகிறவன் தும்மலை எல்லாம் எங்கே யோசிக்கப் போகிறான், இதைக் கண்டிப்பாக நம்புவார் என்று நினைத்தேன். உடனே தாங்கள், "நொச்சி எலையக் கசக்கி மூக்கில் காட்டவும்" என்று எழுதினீர்கள். அதை எழுதிய தங்களுக்குத் துரோகம் செய்யக்கூடாது என்று, வைகைக் கரைக்குப் போய் நொச்சி பறித்து வந்து, தும்மாத அந்த இன்னொரு கிடாயின் மூக்கில் காட்டினேன். அது அன்றைக்குத்தான் தும்மியது.

அந்த இன்னொன்றை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். ஆபீஸ் ஆட்கள் ஒருவரும் அதைக் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. பேரையூர் ஆட்கள் யாராவது எந்நேரமும் பஸ்ஸை விட்டு இறங்கி வருவார்களே, எட்டிப் பார்த்தால் என்ன ஆவது என்று, வெற்றிலைக்கு வைத்திருக்கிற சுண்ணாம்பை விரலில் எடுத்து அதன் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தேன். அழகாகத்தான் இருந்தது. மழை வந்தால் திரும்ப வைக்க வேண்டும். காதை என்ன செய்வது? ஒரு நாள் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போனேன். அது என் கையை நக்கிற்று. காது நுனியைப் பிடித்ததும், அன்றைக்குத் தாங்கள் பயலின் பெயரைச் சொல்லிக் கத்தரித்தது நினைவுக்கு வந்தது. பெயர் சொல்லாமல் வெட்டினால் அது வெறும் காதறுப்பு. பெயர் சொல்லி வெட்ட எனக்கு என்ன யோக்கியதை? கத்தரிக்கோலைக் கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

இப்படியே நான் சாகிற வரைக்கும் எழுதிக்கொண்டிருந்திருப்பேன். ஆனால் போன திங்கட்கிழமை தாங்கள் எழுதிய கார்டில் வழக்கமான மூன்று வாக்கியத்துக்குக் கீழே நாலாவதாக ஒன்று இருந்தது. "கிடாய்க்குக் கொம்பு எம்புட்டு நீளம் வளந்திருக்கு, அளந்து எழுதவும்." மச்சான், தும்மலைக் கற்பனை செய்தவனுக்குக் கொம்பைக் கற்பனை செய்ய எவ்வளவு நேரம் ஆகும்? கொல்லைக்குப் போய் அந்த இன்னொன்றின் கொம்பைச் சாண் வைத்து அளந்துகூட விட்டேன். கார்டை எடுத்தேன், பேனாவைத் தொட்டேன். கை ஓடவில்லை. பயல் இருக்கிறானா இல்லையா என்று சொல்ல எந்த ராஜ்யத்திலும் ஒருவருக்கும் யோக்கியதை இல்லாதபோது, அவனுக்காக விட்ட கிடாயின் கொம்பை விரற்கடை கணக்காகச் சொல்ல நான் யார்? அதனால்தான் கார்டை விட்டுவிட்டு, ஆபீசில் மிச்சமிருந்த இந்தக் காகிதத்தை எடுத்து உள்ளதை உள்ளபடி எழுதினேன். தாங்கள் என்ன தண்டனை சொன்னாலும் சரி. கருப்பு வாசலுக்கு என்னையே கொண்டுபோய் நிறுத்தினாலும் சரி. மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கிடா உடம்பைச் சிலிர்த்தால்தான் சாமி ஏற்றுக்கொண்டதாக அர்த்தம் என்பார்களே, என்னிடம் அந்தக் கவலை வேண்டாம். மூன்று மாதமாகத் தண்ணீர் தெளிக்காமலே சிலிர்த்துக்கொண்டிருக்கிறேன்.

தங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் கும்பிடு, சிறியவர்களுக்கு என் ஆசி. தங்கள் மாடுகளுக்குப் புல்லும், அந்தப் பக்கத்துக்கு ஒரு மழையும் கிடைக்கட்டும். கருப்புக்கு நான் என்ன சொல்வதென்று தெரியவில்லை, தாங்களே பார்த்து ஏதாவது சொல்லிவைக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் மன்னிப்பைக் கேட்கக்கூட முகமில்லாத
காசிமாயன்

பி.கு. உறையை ஒட்டப் போன சமயத்தில் மாயக்காள் வந்து, "அண்ணனுக்கு என்ன இம்புட்டு நீளமா எழுதிருக்கீக" என்று கேட்டாள். சொன்னேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அது அண்ணனுக்குத் தெரியும்" என்றாள்.

கார்த்திகை மாதம் பத்தாந்தேதி, நான் திருமங்கலத்தில் கரி பஸ் அடுப்பு அணைந்துபோய் நின்றுகொண்டிருந்த அன்று, தாங்கள் பட்டாள ஆபீசுக்கு விசாரிக்க வந்தீர்களாம். பயல் பெயர் இருக்கிறவர்கள் காகிதத்திலும் இல்லை, இல்லாதவர்கள் காகிதத்திலும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். வீட்டுக்கு வந்து நேரே கொல்லைக்குப் போய், கிடாயின் காதைத் தடவினீர்களாம். நெற்றியைத் தொட்ட விரலில் சுண்ணாம்பு ஒட்டியதை வேட்டியில் துடைத்துக்கொண்டீர்களாம். மாயக்காள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். தாங்கள் சோற்றைச் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, "மாப்ளகிட்ட நான் வந்துட்டுப் போனதச் சொல்லாத தாயி. அவரு எழுதுறாரு, எழுதட்டும்" என்றீர்களாம். அதற்கப்புறம்தான் நான் தும்மலை எழுதினேன், தாங்கள் நொச்சி எழுதினீர்கள்.

வேறு காகிதம் இல்லை, தபால்தலையும் ஒட்டியாகிவிட்டது. ஆகவே தயவுசெய்து மேலே எழுதியிருப்பதைப் படிக்காமல், இந்த இடத்திலிருந்து மட்டும் படிக்கவும். கொம்பு ஒரு சாணும் நாலு விரற்கடையும், இடது கொம்பு அரை விரல் கூடுதல்.